இது யாருக்கு?

நொங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதுதான் முதலில் சரியில்லாமல் பட்டது. இடுக்கியில் பிடித்த மண்புழுவை வாய்க்கு நேரே கொண்டுபோய்ப் பைய ஆட்டினால், பசி இருந்தால் சுபுக்கென்று உறிஞ்சிக்கொள்ளும். இல்லையென்றால் தொட்டியின் அடியில் கல் மாதிரிக் கிடக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை. கழுத்தென்று ஒன்று இல்லாத பிராணிக்குத் திருப்புவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் இன்றைக்கு அது தலையை இடப்பக்கமாகத் திருப்பி, முகவாயைத் தோளில் இடித்து, வாயை இறுக்கிக்கொண்டது. அந்தத் திருப்பலை அஸ்ஃபியாவுக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷம், தினமும் மூன்று வேளை, சோற்றுத் தட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்த திருப்பல்.

இடுக்கியைக் கீழே வைத்தாள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். குளிர்தான், வேறென்ன என்று சொல்லிக்கொண்டாள்.

வெளியே மேலப்பாளையம் பகல் இரண்டு மணி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. இந்த அறைக்குள் மட்டும் மார்கழி. நொங்குக்குச் சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது என்பதால் ஏசி ராப்பகலாக ஓடியது. சன்னலுக்குக் கனத்த திரை, திரைக்கு மேல் ஒரு பழைய போர்வை. அந்த இருட்டில் தொட்டியின் வடிகட்டி விடாமல் கொப்பளிக்கும் சத்தம், ஈரமண் வாசம், புழு டப்பாவின் புளித்த வாசம், அதற்கெல்லாம் அடியில் கட்டில் பக்கமிருந்து தேங்காயெண்ணெயும் விக்ஸும் கலந்த ஒரு பிள்ளை வாசம். மகள் ஸமீஹாவின் தலையணை. அவள் கண்ணை மூடி மௌத்தாகி இன்றோடு இருபத்திரண்டு நாள். உறையைத் துவைக்கட்டுமா என்று கேட்ட மதினியை அஸ்ஃபியா வாசலோடு அனுப்பிவிட்டாள். துவைக்க வந்துட்டாளாம் துவைக்க.

நொங்கு ஒரு ஆக்சலாட்டில். தவளைக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் சாகும்வரை வளராத பிள்ளையாகவே தண்ணீருக்குள் இருந்துவிடும். வெள்ளையாக, கண்ணாடி மாதிரி, தலையோரம் இளஞ்சிவப்பு இறகுகள். அரபு நாட்டுத் தம்மாமில் வேலை பார்க்கும் அஸ்ஃபியாவின் மாப்பிள்ளை இப்ராஹிம் போன லீவில் வந்தபோது, மகள் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு உயிரை வாங்கியதால், பாளையங்கோட்டை மீன்கடைக் கோமதிசங்கர் அண்ணாச்சியிடம் சொல்லிவைத்து வாங்கியது. தோல் உரித்த நொங்கு மாதிரி இருக்கிறதென்று ஸமீஹாதான் பெயர் வைத்தாள். முதல் நாளே விரலையும் எண்ணிவிட்டாள்.

"உம்மா, இதுக்கு முன்னங்கையில நாலு விரல்தான் இருக்கு. ஒண்ணு குறையுது."

"அதுக்கு அவ்வளவுதாம்மா."

"கை போனாலும் முளைக்கும்னு அண்ணாச்சி சொன்னாங்கல்லா? அப்ப இதுவும் முளைக்குமா?"

"இல்லாதது எப்படிடி முளைக்கும்?"

ஸமீஹா கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி, "கேட்டா முளைக்கும்," என்றாள்.

சாப்பாட்டில் அவளைப்போல் பேச்சு வாங்கிய பிள்ளை அந்தத் தெருவிலேயே கிடையாது. இட்லியில் ஓட்டை, தோசையில் கருப்பு, சோற்றில் கருவேப்பிலை, எதற்கும் ஒரு குற்றம். ஊட்டினால்தான் உண்டு, அதுவும் சும்மா ஊட்டினால் இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் "இது யாருக்கு?" என்று கேட்பாள். அஸ்ஃபியா பேர் சொல்ல வேண்டும். இது வாப்பாவுக்கு ஒரு வாய், இது மாமிக்கு ஒரு வாய், இது மேல்வீட்டு லாத்தாவுக்கு, இது பால்காரருக்கு. பேர் சொல்லாத உருண்டைக்கு வாய் திறக்காது. கடைசி உருண்டையை மட்டும் அவளே தட்டிலிருந்து எடுத்து, அந்தக் குட்டி விரல்களால் அமுக்கிப் பிடித்து, அஸ்ஃபியாவின் வாயில் திணிப்பாள். "இது உம்மாவுக்கு." அதோடு சாப்பாடு முடிந்தது.

அதனால்தான் அன்றைக்கு அவள் தின்ன மாட்டேன் என்றபோது அஸ்ஃபியா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் காய்ச்சல் காலையில்தான் விட்டிருந்தது. கஞ்சியை நீட்டினாள். ஸமீஹா முகத்தைத் திருப்பினாள். வயிறு வலிக்கிறது என்றாள். சோற்றைக் கண்டால் அவளுக்கு எப்போதும் வயிறு வலிக்கும், கால் வலிக்கும், பாடம் எழுத வேண்டியது ஞாபகம் வரும். அஸ்ஃபியா மூன்று நாளாய்த் தூங்கியிருக்கவில்லை. தட்டை ணங்கென்று வைத்துவிட்டு, "தின்னாட்டி போ. எங்கயும் போ," என்றாள்.

பிள்ளை எழுந்து இந்த அறைக்கு வந்து, தொட்டியோரம் தரையில் படுத்துக்கொண்டது. சாயங்காலம் தூக்கும்போது கைகால் சில்லிட்டிருந்தது. ஏசிக் குளிர் என்று நினைத்தாள். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது. கடைசியாகக் குளிப்பாட்டும்போது இடதுகை விரல்களில் மருதாணித் தொப்பி அப்படியே சிவந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்காக வைத்தது. வலதுகைக்கு வைப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

அஸ்ஃபியா போனை எடுத்துக் கோமதிசங்கர் அண்ணாச்சியைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு வாரமா நொங்கு எதுவும் திங்க மாட்டேங்கு."

"என்ன புழு குடுக்குதீங்கம்மா? செவப்புப் புழுவா? அது கசக்கும், துப்பிரும். நான் தந்தது சேர்மாதேவி வாழத்தோட்டத்துப் புழுல்லா?"

"அதான் அண்ணாச்சி. நறுக்கியும் குடுத்துட்டேன். வெந்நியில முக்கியும் குடுத்துட்டேன்."

"தண்ணி சூடாயிருக்கான்னு பாருங்க. பிள்ள மாதிரிதாம்மா அது. பொறுமையா, பேசிப் பேசிக் குடுங்க. திங்கும்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். போனை வைக்கக்கூடத் தெரியாமல் தடுமாறினார். பாவம், அவர் என்ன செய்வார்.

பிள்ளை மாதிரிதானாம். அஸ்ஃபியா இடுக்கியைத் திரும்ப எடுத்தாள். ஒருதடவை தின்னாததைப் பார்த்துக்கொண்டு இருந்தது போதும். ஸமீஹா தொட்டுப் பேசின ஒரே உயிர் இது, இதையும் வாரிக் கொடுக்க முடியாது. புழுவை நீட்டினாள்.

"இது வாப்பாவுக்கு ஒரு வாய்."

நொங்கு அசையவில்லை.

"இது மேல்வீட்டு லாத்தாவுக்கு ஒரு வாய்."

முகவாய் தோளிலேயே இருந்தது. அந்த விளையாட்டில் ஒருநாளும் சொல்லாத பேர் ஒன்று உண்டு. தின்கிற பிள்ளையின் பேரை யார் சொல்வார்கள்? இப்போது தின்பது வேறு வாய். மௌத்தானவர்களுக்குப் பேர் சொல்லித்தானே ஃபாத்திஹா ஓதிச் சோறு கொடுக்கிறோம், அதிலென்ன தப்பு என்று ஒரு நினைப்பும் ஓடியது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இது ஸமீஹாவுக்கு ஒரு வாய்."

தலை திரும்பியது. இமையில்லாத கண்கள் அவளைப் பார்த்தன. சுபுக்.

அஸ்ஃபியா தரையில் உட்கார்ந்து அழுதாள். வெகுநாளைக்குப் பிறகு வயிறு குளிர்ந்து அழுதாள். அழுத முகத்தைப் புதைக்கக் கட்டிலுக்குப் போனாள், தலையணையை அள்ளினாள். பருத்தித் துணி வாசம் அடித்தது. கடையில் புதிதாய் வாங்கின துணியின் வாசம்.

வாசம் எத்தனை நாளைக்கு நிற்கும், போகத்தானே செய்யும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இரண்டு நாள் விட்டு மறுபடி ஊட்டினாள். பேர் சொன்னாள். சுபுக். அன்றைக்கு அசருக்குத் தொழுதுவிட்டு வரும்போது அறைக் கதவின் நிலையில் கை வைத்தாள். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஸமீஹாவை நிற்கவைத்துப் பென்சிலால் உயரம் போட்ட இடம். வழவழவென்று இருந்தது. கோடு இல்லை. விளக்கைப் போட்டாள். போனின் வெளிச்சத்தையும் அடித்துப் பார்த்தாள். பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. அழித்த தடமும் இல்லை. ஆறு கோடு. ஆறும் இல்லை. தொட்டிக்குள் வடிகட்டி கொப்பளித்துக்கொண்டிருந்தது, ரொம்பத் திருப்தியாகச் சாப்பிட்டவர்களின் ஏப்பம் மாதிரி.

மூன்றாம் தடவை அவள் யோசித்தாள்தான். ஆனால் நொங்கு கண்ணாடியோரம் வந்து காத்திருந்தது, இறகுகள் தழைத்து, வயிறு ஒட்டி. பேர் சொன்னாள். அது தின்றது. உடனே, ஓடிப்போய், போனை எடுத்தாள். ஸமீஹா வாப்பாவுக்குப் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று அதில் இருந்தது. அஸ்ஃபியா தினமும் பத்துத் தடவை அதைக் கேட்பாள். 'வாப்பா, நொங்கு இன்னைக்கு ரெண்டு புழு தின்னுச்சு, நான் ஒரு தோசை தின்னேன், நொங்குதான் ஜெயிச்சுச்சு.' பதினான்கு விநாடி.

அமுக்கினாள். பதினான்கு விநாடியும் தண்ணீர் கொப்பளித்தது.

இப்ராஹிமைக் கூப்பிட்டாள். அடக்கத்துக்கு வந்து சேர முடியாமல், போனிலேயே மகள் முகத்தைப் பார்த்து முடித்தவன் அவன்.

"உங்கட்ட அவ பேசினது இருக்கா? போட்டுப் பாருங்க. இப்பவே."

"நானே கேக்கணும்னு இருந்தேன் புள்ள," என்றான் அவன். "கொஞ்ச முன்ன போட்டுப் பாத்தேன். தண்ணி சத்தம்தான் வருது. போன் ரிப்பேரா என்னன்னு தெரியல."

தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நொங்கு முன்னங்கைகளைக் கண்ணாடியில் ஊன்றி நின்றது. வலதுகையில் நான்கு விரல். இடதுகையில் ஐந்து. ஐந்தாவது விரல் மற்றதைப்போல் கூராக இல்லை. உருண்டையாக, குட்டியாக இருந்தது. அதன் நுனி சிவப்பு.

அன்றோடு நிறுத்தினாள். ஒன்பது நாள் அந்தக் கதவைத் திறந்து தண்ணீரை மட்டும் மாற்றினாள், புழு டப்பாவைத் தொடவில்லை. மகளின் சட்டைகளைப் பீரோவிலிருந்து எடுத்து எண்ணினாள், பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள், போனிலிருந்த படங்களை ஒன்றுவிடாமல் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இருக்கு, இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனால் நொங்கின் இறகுகள் சுருங்கின. வால் நுனி சுருண்டது. வயிறு உள்ளே போய் முதுகெலும்பு தெரிந்தது. பத்தாம் நாள் அது அடியில் நிற்க மாட்டாமல் மேலே மிதந்து, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது.

கையை விட்டுத் தாங்கினாள். சில்லிட்டிருந்தது.

அப்போது அந்த ஐந்தாவது விரல் அவள் சுண்டுவிரலைப் பற்றியது. ஸமீஹா தூங்கும்போது பற்றுகிற மாதிரி. லேசாக, விடாமல்.

அதற்குமேல் ஒரு தாயால் என்னதான் செய்ய முடியும்? வாசம் எங்கே போச்சு, கோடு எங்கே போச்சு, குரல் எங்கே போச்சு? காற்றில் கரைந்தா போச்சு? இதோ, இங்கேதான் போகிறது. இங்கே சேருகிறது. எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டால் முழுசாக முளைத்துவிடாதா? கேட்டால் முளைக்கும் என்று அவளே சொன்னாளே. வெறும் துணியையும் படத்தையும் கட்டிக்கொண்டு அழுவதற்கு நான் என்ன பைத்தியமா என்று அஸ்ஃபியா நினைத்தாள். டப்பாவைத் திறந்தாள்.

ஒன்றே ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டாள். "நான் அன்னைக்குச் சொன்னேன்லா, 'தின்னாட்டி போ'ன்னு. அத முதல்ல எடுத்துக்கோம்மா. அத என்னால வச்சுக்கிட முடியல."

அது அதை மட்டும் விட்டுவைத்தது.

மற்றதெல்லாம் எடுத்தது. இது ஸமீஹாவுக்கு ஒரு வாய்: பீரோவில் சட்டைகள் இல்லை. ஒரு வாய்: பள்ளிக்கூடப் பை இல்லை. ஒரு வாய்: போனில் இருந்த படங்களில் சுவர், சோபா, கடற்கரை மணல், வெறும் ஊஞ்சல். இடதுகையில் விரல்கள் உருண்டன, ஒவ்வொன்றாய்ச் சிவந்தன. அஸ்ஃபியா சிரித்தாள். இன்னும் கொஞ்சம். இன்னும் ரெண்டே வாய். ஒரு வாய்: பிரசவ வலி மறந்தது. ஒரு வாய்: எந்தப் பக்கக் கன்னத்தில் குழி விழும்? யோசித்தாள். விழுமா?

முப்பத்தொன்பதாம் நாள் பகல் இரண்டு மணிக்குப் புழுவை நீட்டினாள்.

"இது ஸமீஹா…"

சுபுக்.

இடுக்கியைப் பிடித்தபடி அவள் நின்றாள். என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்?

நாக்கின் நுனியில் ஏதோ இருந்த மாதிரி இருந்தது. துழாவினாள். ஒன்றும் இல்லை. டப்பாவில் இன்னும் ஒரு புழு. அதை இடுக்கியால் எடுத்தாள். இது யாருக்கு? யாருக்கோ. இடுக்கி நழுவிப் புழுவோடு தண்ணீருக்குள் விழுந்தது. அறை இருட்டாக இருந்தது. ஏன் இவ்வளவு குளிர்? ஏன் இந்தக் கட்டில் இவ்வளவு சின்னது?

போன் அடித்தது.

"அஸ்ஃபியா, ஏர்போர்ட்டுக்கு வந்துட்டேன். விடியக்காலம் வீட்ல இருப்பேன். நாளைக்கு நாப்பதாம் ஃபாத்திஹால்லா? ஓத ஹஜ்ரத்துட்டச் சொல்லியாச்சா?"

"நாப்பதா? யாருக்குங்க?"

அவனுக்குப் பின்னால் யாரோ அரபியில் விமான நேரம் அறிவித்தார்கள். குழந்தை ஒன்று எங்கோ வீறிட்டு அழுது ஓய்ந்தது.

"என்ன புள்ள இப்படிக் கேக்குத? நம்ம… நம்ம பிள்ளைக்கு." குரல் உடைந்தது. "பையில எதையோ தேடிட்டே இருக்கேன். என்னத்தத் தேடுதேன்னே தெரியல. அவ பேரு… அவ பேரு என்ன புள்ள? வாய்ல வரமாட்டேங்கு. நீ பெத்தவல்லா. நீயாச்சும் சொல்லு."

"யாரு பேருங்க?"

அவன் அழுதான். ஒரு ஆம்பிளை அப்படி அழுது அவள் கேட்டதில்லை. அவளுக்கு அவனை நினைக்கப் பாவமாக இருந்தது. வேலை, வெயில், தனியாகக் கிடப்பது, மனுஷனுக்கு என்னென்னவோ ஆகும்.

"அழாதீங்க," என்றாள். "வீட்டுக்கு வாங்க. எல்லாம் சரியாப் போகும்."

போனை வைத்தாள். நெஞ்சுக்குள் ஒரே ஒரு பேச்சு மட்டும் கிடந்தது, அவள் குரலில். தின்னாட்டி போ. எப்போதோ யாரிடமோ சொல்லியிருக்கிறாள். யாரிடம் என்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஏதோ நடந்தது. ரொம்ப மோசமாக.

வடிகட்டிச் சத்தம் நின்றது.

தண்ணீர் சலசலத்தது. தொட்டியின் விளிம்பில் ஒரு கை ஏறியது. வெள்ளையாக. சின்னதாக. இடதுகை. ஐந்து விரலும் நுனியில் சிவந்து, மருதாணித் தொப்பி வைத்த மாதிரி. ஈரம் சொட்டச் சொட்ட அது நீண்டது. இன்னும் நீண்டது. விரல்களுக்கு நடுவே கடைசிப் புழு, உருண்டையாக அமுக்கிப் பிடித்தபடி, நெளிந்தது.

அவள் உதட்டருகே வந்து நின்றது.

"இது உம்மாவுக்கு."

குட்டிக் குரல். கொப்பளிக்கிற குரல். என்னை ஏன் உம்மா என்று கூப்பிடுகிறது என்று அஸ்ஃபியாவுக்குப் புரியவில்லை. அவளுக்குப் பிள்ளையே கிடையாது. முகத்தைத் திருப்ப வேண்டும்போல் இருந்தது. கை காத்திருந்தது. தின்னாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வாயைத் திறந்தாள்.